ஒரு கண்ணுக்கு வெண்ணெயா? ரக்பி லீக் நடுவரைக் கணக்குப் பார்ப்பது எப்படி

நடுவர் நம் டீமுக்கு எதிராகவே ஊதுகிறார் என்று கத்துவதற்கு ஒரு தகுதியும் வேண்டாம், தொண்டை இருந்தால் போதும். அது உண்மைதானா என்று பார்ப்பதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கோலாலம்பூரில் ரக்பி லீக் பார்க்கிற நம்ம ஆட்கள் பலருக்கு இது மெல்பர்னிலோ சிட்னியிலோ குடியேறிவிட்ட சித்தப்பா பிள்ளைகள் மூலமாக ஒட்டிக்கொண்ட பழக்கம், அதனால் ஆட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் சண்டை நடக்காத வாரமே கிடையாது. அந்தச் சண்டையில் வெறும் சத்தத்தோடு நிற்காமல் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவையானது ஒரு பேனா, ஒரு தாள், ஒரு ஆட்டம். ஸ்பிரெட்ஷீட் எல்லாம் வேண்டாம் லா.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் பள்ளிக்கூடத் திடல்களில் ஆடுவதும், கோப்ரா டென்ஸ் போட்டியில் பார்ப்பதும் ரக்பி யூனியன். லீக் வேறு ஆட்டம். 13 பேர், 80 நிமிடம், பந்து கையில் இருக்கும் அணிக்கு 6 டேக்கிள். ஒவ்வொரு முறையும் ஆளைப் பிடித்து நிறுத்தியதும் அவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னால் தள்ள வேண்டும், அவருக்கு எதிரே இரண்டு மார்க்கர்கள் நிற்கலாம், மற்ற தடுப்பாளர்கள் எல்லாரும் 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். ஆறாவது டேக்கிளிலும் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. யூனியனில் தரையில் பந்துக்காக முட்டி மோதுவார்கள், இங்கே அது கிடையாது. அதனால் பிடித்த பிறகு எத்தனை நொடி மேலே படுத்திருக்கலாம், எவ்வளவு தூரம் பின்வாங்கினால் போதும் என்ற இரண்டு கேள்விதான் ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் பதில் ஒரே மனிதரின் வாயிலும் கையிலும் இருக்கிறது. ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான டேக்கிள் நடக்கும், அத்தனை தடவையும் அவர் முடிவெடுக்கிறார். ஊதாமல் விடுவதும் ஒரு முடிவுதான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, தப்பான முடிவையும் சீரில்லாத முடிவையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஆஸ்திரேலியாவின் பெரிய ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.லின் 2013 எலிமினேஷன் ஃபைனலில், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில், நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸுக்கு எதிராக க்ரோனுல்லா ஷார்க்ஸ் ஏழாவது டேக்கிளில் ஒரு டிரை போட்டார்கள், அதாவது கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார்கள், எண்ணிக்கை தவறிவிட்டது, 20-18 என்று ஆட்டமும் அவர்கள் பக்கம் போனது. கௌபாய்ஸ் ரசிகர்களுக்கு அது இன்றும் ஆறாத புண். ஆனால் அது எண்ணத் தெரியாத பிழை, அவ்வளவுதான். 2019 கிராண்ட் ஃபைனல் இன்னும் பிரபலம். கேன்பரா ரெய்டர்ஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், 8-8, முடிய 10 நிமிடம்கூட இல்லை. நடுவர் பென் கம்மின்ஸ் கையை ஆட்டி ரெய்டர்ஸுக்குப் புது 6 டேக்கிள் என்று காட்டினார், அடுத்த நொடியே மாற்றிக் கடைசி டேக்கிள் என்றார். கையசைப்பை மட்டும் பார்த்திருந்த ஜாக் வைட்டன் பந்தை உதைக்காமல் கையில் வைத்தபடி பிடிபட்டார். பந்து ரூஸ்டர்ஸுக்குப் போனது, கொஞ்ச நேரத்தில் ஜேம்ஸ் டெடெஸ்கோ டிரை போட்டார், 14-8. விதிப்படி பார்த்தால் இரண்டாவதாகச் சொன்னதுதான் சரி, முதலில் கையை ஆட்டியதுதான் தப்பு. ஆட்டக்காரர் கையை நம்புவாரா வாயை நம்புவாரா?

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று வாதாட முடியாது. சீரில்லாமை என்பது ஒரே செயலுக்கு இரண்டு விதமான பதில் கிடைப்பது. முதல் பாதியில் ஊதியதை இரண்டாம் பாதியில் விடுவது, ஒரு அணிக்கு ஊதியதை இன்னொன்றுக்கு விடுவது, போன வாரம் வெறும் பெனால்டியாக இருந்தது இந்த வாரம் சின் பின், அதாவது 10 நிமிட வெளியேற்றம், ஆவது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று நாம் சொல்வது இதைத்தான். இதைக் காட்ட ஒரு சம்பவம் போதாது, ஒரே மாதிரியான இரண்டாவது வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் 15 நிமிடத்தில் தாள் கிறுக்கலாகிவிடும், ஆட்டத்தையும் ரசிக்க முடியாது. முதல் தடவை என்றால் டேக்கிளுக்குப் பிறகு மேலே படுத்திருக்கும் நேரத்தை எடுங்கள், அதுதான் அடிக்கடி நடக்கும், அதில்தான் நடுவரின் போக்கு சீக்கிரம் தெரியும். தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள், அணிக்கு ஒரு பக்கம். நடுவர் விசில் ஊதியதை எழுதாதீர்கள், அதை டிவியே எண்ணிக் காட்டும். நீங்கள் எழுத வேண்டியது செயலை. தடுப்பாளர் எழாமல் இழுத்தடித்தார் என்று உங்களுக்குத் தோன்றிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரி: எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது டேக்கிள், திடலில் எந்த இடம், அப்போது ஸ்கோர் என்ன, நடுவர் என்ன செய்தார். ஊதினால் ஒரு வட்டம், புது 6 கொடுத்தால் ஒரு முக்கோணம், வாயால் எச்சரித்துவிட்டால் ஒரு புள்ளி, கண்டுகொள்ளவே இல்லையென்றால் காலி. அந்தக் காலி இடங்கள்தான் கடைசியில் கதை சொல்லும்.

டேக்கிள் எண்ணை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், இந்தத் தப்பின் விலை எண்ணுக்கு எண் மாறும். என்.ஆர்.எல். 2020இல் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. 2009இலிருந்து திடலில் இருந்த இரண்டு நடுவர்களை ஒருவராகக் குறைத்தது. டேக்கிள் இடத்தில் நடக்கும் தப்புக்கு ஆட்டத்தை நிறுத்திப் பெனால்டி கொடுக்காமல், ஓட்டத்திலேயே டேக்கிள் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குவதைக் கொண்டுவந்தது, இதைத்தான் சிக்ஸ் அகைன் என்கிறோம். நடுவர் கையைத் தலைக்கு மேலே ஆட்டுவார், டிவியில் மணிச் சத்தம் கேட்கும். வேகம் கூடியது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? எதிரணி தன் கோட்டுப் பக்கத்திலிருந்து முதல் டேக்கிள் ஓடி வருகிறது. பந்தோடு வருபவர் மேலே நம் ஆட்கள் இரண்டு நொடி கூடுதலாகப் படுத்துக்கொண்டால் நம் தடுப்பு வரிசை முழுதாகத் திரும்பி வந்து நின்றுவிடும். அதற்குத் தண்டனை புது 6 என்றால், அவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது ஒரே ஒரு டேக்கிள். அப்பட்டமான லாபம். அதே தப்பை ஐந்தாவது டேக்கிளில் செய்தால் ஒரு முழு செட்டையே, ஆறு டேக்கிளையும், தூக்கிக் கொடுத்த மாதிரி. 2021இல் 10 மீட்டர் தப்புக்கும் சிக்ஸ் அகைனை நீட்டினார்கள், இந்தத் தந்திரம் இன்னும் பெருகியது. கடைசியில் 2022இல், தாக்கும் அணி தன் 40 மீட்டருக்குள் இருந்தால் பழையபடி பெனால்டி என்று திருப்ப வேண்டியதாயிற்று. பெனால்டி என்றால் பந்தை வெளியே உதைத்து, அங்கிருந்தே புது 6 டேக்கிளோடு தொடங்கலாம், 30 மீட்டருக்கு மேல் சும்மா கிடைக்கும். இந்த எல்லைகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்த வருட விதியை ஒரு தடவை படித்துவிட்டு உட்காருங்கள். பழைய விதியை வைத்துக்கொண்டு நடுவரைத் திட்டுகிறவர்கள் ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் குறைந்தது ஒருத்தர் உண்டு.

வர்ணனையை அணைத்துவிடலாமா என்று கேட்பார்கள். வர்ணனையாளர் சொல்வதைக் கேட்டுத்தான் நமக்குப் பாதிக் கோபம் வருகிறது, அது உண்மை. ஆனால் முழுதாக அணைத்தால் நடுவரின் மைக்கும் போய்விடும், அதில் நிறைய இருக்கிறது. பிடித்தாயிற்று, நகரு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தாக்குபவர் தானாகவே விழுந்துவிட்டார் என்றால் "சரண்டர்" என்பார், தடுப்பாளர் வலுவாகப் பிடித்துத் தள்ளியிருந்தால் "டாமினன்ட்" என்பார். இரண்டிலும் தடுப்பாளருக்கு எழக் கொஞ்சம் கூடுதல் நேரம் உண்டு. நீங்கள் இழுத்தடிப்பு என்று எழுதியதில் பாதி இந்த வார்த்தைகளில் அடங்கிவிடலாம். அப்படி வந்தால் பக்கத்தில் "ச" அல்லது "டா" என்று போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான புகார் எங்கே பிறக்கிறது என்றால், ஒரு அணிக்கு எளிதாக டாமினன்ட் கிடைத்து இன்னொரு அணி அதே மாதிரி பிடித்தும் கிடைக்காதபோது. இதை ஸ்கோர்போர்டு எந்தக் காலத்திலும் காட்டாது.

10 மீட்டரைப் பார்ப்பது கஷ்டம், சொல்லிவிடுகிறேன். டிவி கேமரா பந்தைத்தான் துரத்தும், பின்னால் நிற்கும் வரிசை பாதி நேரம் திரைக்கு வெளியே இருக்கும். திடலில் 10 மீட்டருக்கு ஒரு கோடு வரைந்திருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவர் எங்கே நிற்கிறாரோ அதுதான் தடுப்பாளர்களின் எல்லை, அளவுநாடாவில் அது 9 ஆக இருந்தாலும் சரி, 11 ஆக இருந்தாலும் சரி. ஆகவே தடுப்பாளர்கள் உள்ளே நிற்கிறார்களா என்பதோடு, நடுவர் இரண்டு அணிகளுக்கும் ஒரே தூரம்தான் பின்வாங்குகிறாரா என்றும் பாருங்கள். இரண்டாம் பாதியில் களைப்பில் அவரே 8 மீட்டரில் நின்றுவிடுவதும் உண்டு. டிரை கோட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கு வேண்டாம், அங்கே தடுப்பாளர்கள் தங்கள் கோட்டிலேயே நிற்கலாம்.

முன்னால் எறிந்த பாஸ் பற்றி ரெண்டு வரி. இதில் டிவி நம்மை ஏமாற்றும். பந்து கையை விட்டுப் போகும்போது பின்னால் போனதா என்பதுதான் கேள்வி, ஓடுகிற வேகத்தில் அது தரைக் கோட்டைத் தாண்டி முன்னால் மிதந்து போகலாம், அது சரியான பாஸ்தான். என்.ஆர்.எல். 2016இல் கொண்டுவந்த பங்கர் என்ற வீடியோ மையம்கூட முன்பாஸில் தலையிடாது, கேமராக் கோணத்தை நம்ப முடியாது என்பதால். இதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

தோளுக்கு மேல் விழும் டேக்கிள் அப்படியில்லை, அதை எழுதியே ஆக வேண்டும். தலையில் பட்டதா, எவ்வளவு வேகம், பிடிபட்டவர் கீழே சரிந்துகொண்டிருந்தாரா, மூன்றையும் குறியுங்கள், பிறகு தண்டனையை. வெறும் பெனால்டி, ஆட்டத்துக்குப் பிறகு விசாரிக்கச் சொல்லும் ஆன் ரிப்போர்ட், 10 நிமிட சின் பின், முழு வெளியேற்றம் என்று ஏணிப்படி மாதிரி இருக்கும். 2021 மே மாதம் பிரிஸ்பேனில் நடந்த மேஜிக் ரவுண்ட், எல்லா ஆட்டமும் ஒரே திடலில் நடக்கும் வார இறுதி, ஞாபகம் இருக்கிறதா? தலையில் கை பட்டால் கடுமையாக நடந்துகொள்ளுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. ஒரே வார இறுதியில் 14 பேர் சின் பின்னுக்குப் போனார்கள், 3 பேர் முழுதாக வெளியேற்றப்பட்டார்கள். மூளை அதிர்ச்சியைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கத்தில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் போன வாரம் வரை ஒரு அளவு, இந்த வாரம் வேறு அளவு என்றால் பருவ நடுவில் புள்ளிப் பட்டியலில் அடிபட்ட அணி என்ன நினைக்கும்? இங்கே சீரில்லாமல் போனது நடுவர் இல்லை, அவருக்கு உத்தரவு கொடுத்தவர்கள். உங்கள் தாளிலும் இதைப் பிரித்து எழுத ஒரு இடம் விட்டுவையுங்கள்.

வீடியோவுக்குப் போகும் முடிவுகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிரையா இல்லையா என்று பங்கரிடம் கேட்கும் முன் நடுவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும், அதை மாற்றப் போதுமான ஆதாரம் இல்லையென்றால் அதுவே நிற்கும். ஒரே மாதிரி மங்கலான இரண்டு டிரையில் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கேட்காமலே விடுவது இன்னொரு தலைவலி. 2017 உலகக் கோப்பை அரையிறுதி, ஆக்லாந்து, இங்கிலாந்து 20 டோங்கா 18, கடைசி நொடிகளில் ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது பந்து நழுவியது. நடுவர் மேட் செச்சின் வீடியோவுக்கு அனுப்பவில்லை, பந்து பறிக்கப்பட்டது என்று டோங்கா ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். 2020இலிருந்து என்.ஆர்.எல்.லில் நடுவர் முடிவை எதிர்த்து அணித் தலைவர் வீடியோ கேட்கும் கேப்டன்ஸ் சேலஞ்ச் இருக்கிறது, தோற்றால் அந்த ஆட்டத்துக்கு வாய்ப்பு போய்விடும். எப்போது பயன்படுத்தினார்கள் என்று குறித்துக்கொண்டால், பிற்பாதியில் ஒரு அணி ஏன் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது என்பது புரியும்.

இப்போது முக்கியமான பகுதி, ஆட்டத்தில் அது என்ன செய்கிறது என்பது. விசிலுக்குப் பிறகு வரும் செட்டைப் பாருங்கள், அங்கே என்ன நடந்தது என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். எத்தனை மீட்டர் போனார்கள், எங்கே முடிந்தது, டிரை வந்ததா. அடுத்தடுத்து இரண்டு மூன்று சிக்ஸ் அகைன் வாங்கிய அணிக்கு எதிரே நிற்கும் தடுப்பாளர்கள் மூச்சு வாங்குவதை டிவியிலேயே பார்க்கலாம், டிரை மூன்றாவது செட்டில் விழும், ஆனால் அதன் விதை முதல் கையசைப்பில் இருக்கும்.

அதைவிட நுட்பமானது ஆட்டக்காரர்கள் நடுவரை அளப்பது. முதல் 10 நிமிடம் இரு அணியும் வேண்டுமென்றே எல்லையைச் சோதிக்கும். எத்தனை நொடி படுத்தால் ஊதுகிறார், மார்க்கர் கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் விடுகிறாரா. கண்டிப்பானவர் என்று தெரிந்தால் பின்வாங்கி ஒழுங்காக ஆடுவார்கள். முதல் 20 நிமிடம் கண்டிப்பாக இருந்துவிட்டுப் பிறகு தளர்ந்துவிடுகிற நடுவர் என்றால் நிலைமையே வேறு. கனமான முன்வரிசை உள்ள அணிக்கு அது தீபாவளி. டம்மி ஹாஃபிலிருந்து, அதாவது டேக்கிள் இடத்துக்குப் பின்னால் பந்தை எடுத்து, குபீரென்று ஓடுகிற சின்ன உருவத்துக்கு ஓட இடமே கிடைக்காது. ஆக ஒரு நடுவர் இரு அணிகளுக்கும் சமமாகத் தளர்ந்தாலும் பாதிப்பு சமமாக இருக்காது. பெனால்டி எண்ணிக்கை 6-6 என்று முடிந்த ஆட்டத்தில் ஒரு அணி நியாயமாகவே புலம்பலாம். திருப்பியும் பாருங்கள்: ஒழுங்கில்லாமல் ஆடும் அணிக்கு எதிராக 10-3 என்று வந்தால் அது நியாயமாகவும் இருக்கலாம். முதல் பாதியில் 6-1 ஆக இருந்தது முடிவில் 8-8 ஆகிவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும், சமன் செய்யத் தொடங்கிவிட்டாரோ என்று.

கோல்டன் பாயின்ட்டில் இது உச்சம். என்.ஆர்.எல்.லில் 2003இலிருந்து சமனில் முடிந்தால் கூடுதல் நேரம், முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. அந்த நேரத்தில் ஒரு பெனால்டி ஊதினால் 2 புள்ளிக்கு உதைத்து ஆட்டத்தையே முடித்துவிடலாம், அதனால் பல நடுவர்கள் விசிலைப் பையில் போட்டுவிடுவார்கள் போலத் தோன்றும். 1 புள்ளி ஃபீல்ட் கோலுக்கு உதைப்பவரை நோக்கித் தடுப்பாளர்கள் 10 மீட்டருக்குள்ளிருந்தே பாய்வார்கள், 30ஆவது நிமிடத்தில் ஊதியிருப்பார்கள், 83ஆவது நிமிடத்தில் ஊதமாட்டார்கள். தாளில் இந்த இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறு ஆதாரமே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் ஒரு அணியின் ரசிகர், உங்கள் கண்ணும் சாயும். எதிரணி ஆதரவாளர் ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டு தனித்தனித் தாளில் எழுதி, ஆட்டம் முடிந்ததும் மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டு தாளிலும் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அடித்துவிடுங்கள். நடுவருக்கும் கண் சாயும், காதும் சாயும். 2002இல் வெளிவந்த ஒரு காற்பந்து ஆய்வில், 40 நடுவர்களில் சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடும் சிலருக்குச் சத்தமில்லாமலும் ஒரே காட்சிகளைக் காட்டினார்கள். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக சுமார் 15 சதவீதம் குறைவாகத் தப்புச் சொன்னார்கள். லஞ்சமும் இல்லை, சதியும் இல்லை, காதுதான்.

நேரம் தெரியாதவர்களுக்கு: சிட்னியில் இரவு 8 மணி ஆட்டம் நமக்கு மாலை 6 மணி. அக்டோபர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் கிராண்ட் ஃபைனலுக்கு 3 மணி நேர வித்தியாசம் வந்துவிடும், 7:30 ஆட்டம் நமக்கு 4:30. பெர்த்தும் நாமும் ஒரே கடிகாரம், 2027இல் பெர்த் பேர்ஸ் என்.ஆர்.எல்.லுக்கு வந்தபிறகு அவர்களுடைய சொந்தத் திடல் ஆட்டங்களுக்குக் கணக்கே போட வேண்டாம். இங்கிலாந்து சூப்பர் லீக் வெள்ளி இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை 3 மணி, தூங்கி வழிந்துகொண்டு எழுதிய தாளை நம்பாதீர்கள்.

உங்கள் பிள்ளை பள்ளியிலோ கிளப்பிலோ ரக்பி ஆடினால் இதே தாளை அங்கேயும் கொண்டுபோகலாம், ஆனால் கோட்டோரத்தில் நின்று அதை நடுவரின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். அங்கே ஊதுகிறவர் பெரும்பாலும் ஒரு வாத்தியாரோ கல்லூரிப் பையனோதான், வீடியோவும் இல்லை மைக்கும் இல்லை. ஏதாவது இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு அணி மேலாளர் மூலம், நிமிடத்தையும் செயலையும் மட்டும் சொல்லி, "இரண்டு பக்கமும் எந்த அளவில் ஊதுவீர்கள் சார்" என்று கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஏன் எங்களுக்கு மட்டும் என்று தொடங்கினால் கிடைக்காது.

தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், மேலே நடுவர் பெயரை எழுதி அணி வாரியாக இல்லாமல் நடுவர் வாரியாக அடுக்குங்கள். என்.ஆர்.எல். செவ்வாய்க்கிழமைதோறும் அணிப் பட்டியலோடு எந்த ஆட்டத்துக்கு யார் நடுவர் என்பதையும் அறிவித்துவிடும். பெயரைப் பார்த்ததும் பழைய தாளை எடுத்து, அவர் எத்தனையாவது நிமிடத்தில் தளர்ந்தார் என்று பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை அந்த நிமிடத்தில் மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கவனியுங்கள்.